வாசலில் சொன்ன பெயர்

சின்ன வயசில் சுற்றிய தீம் பார்க்கில், அன்று கூட்டிவந்த அம்மாவை மறுபடியும் பார்க்கலாம் என்றார்கள். வாசலில் பெயரைச் சொன்னால், பழைய கேமராப் படங்களிலிருந்து செத்துப்போன ஆளைப் பார்க்கே எழுப்பி நிறுத்தும். ஆயுசுக்கு ஒரே தடவை.

மெஷினிடம் பெயரைக் கொடுத்தால் வீட்டையே எழுதி வாங்கிவிடுவான்கள் என்று, மாசிலாமணி வாசலில் வாய்க்கு வந்தபடி 'குணசேகரன்' என்றுவிட்டார்.

ராட்டினத்தடியில் யாரோ ஒருத்தி நின்றாள்.

"இவ எங்கம்மா இல்ல. என் பேரு மாசிலாமணி. மாத்திப் போடு தாயி, கால்ல வேணா விழறேன்."

"விழுந்தாலும் மாறாது தாத்தா. உங்க கண்ணை அந்தப் பேர்லயே பதிஞ்சாச்சு," என்றாள் வாசலில் இருந்த பெண்.

அதற்குள் ராட்டினத்தடியிலிருந்து அதட்டல் வந்தது. "குணா, எங்கடா போன? தேடித் தேடி எனக்கு உசுரே போச்சு."

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"இங்கதாம்மா இருந்தேன்."