கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

கூடத்தில் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டதும், தலைவலி என்று படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் மெக்கானிக் இப்போதுதான் உள்ளே வந்தான். அதற்குள் அப்படி என்ன சிரிப்பு?

கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். மெக்கானிக் வாலிபன், சுருட்டை முடி. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“எப்ப இருந்துக்கா இப்படி?”

“போன மாசத்துல இருந்து தம்பி. ஆன் பண்ணினாலே ஃபேன் கத்துது. ஒரு எழுத்தைத் தட்டினா, அது வர்றதுக்குள்ள நான் சமையலையே முடிச்சுட்டு வந்துடலாம்.”

தம்பி என்றாள். அவனுடைய வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. பயம்தான் அடங்கவில்லை. கம்ப்யூட்டரின் காய்ச்சலுக்குக் காரணமே அவன்தான்.

எல்லாம் அவளுடைய செல்போனால் வந்த வினை. சாயங்காலம் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், சமையலறையில் அவள் போன் ‘டிங்’ என்னும். எடுத்துப் பார்ப்பாள். சில நாள் உதட்டைப் பிதுக்குவாள், சில நாள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

“யாரு?” என்று கேட்டால், “யாரோ” என்பாள்.

புருஷன் முதுகைத் திருப்பியதும் தூது அனுப்புகிற அந்த யாரோ யார்? அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போனைத் தொட விடமாட்டாள். ஆனால் பகலில் அவளும் இதே கம்ப்யூட்டரில்தான் மெயில் பார்க்கிறாள். ஆபீஸ் நண்பனிடமிருந்து பென் டிரைவில் ஒரு வேவு புரோகிராம் வாங்கிவந்தான். அவள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது அவனுக்கு அனுப்பிவிடும். ஆன்டிவைரஸ் சிவப்புக் கட்டம் காட்டிக் கூப்பாடு போட்டது. அதன் வாயை அடைத்துவிட்டு வேலையை முடித்தான்.

வந்து சேர்ந்ததெல்லாம் திரைச்சீலை விலையும் மகளின் வீட்டுப்பாடமும்தான். ஒன்றுமே சிக்காததால் சந்தேகம் இன்னும் ஏறியது. எவ்வளவு கெட்டிக்காரி!

“அக்கா, இது தானா வந்த வைரஸ் இல்ல.” மெக்கானிக்கின் குரல் மாறியது. “யாரோ இங்கயே உக்காந்து, ஆன்டிவைரஸை நிறுத்திட்டு வேவு புரோகிராம் போட்டிருக்காங்க. பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆள்தான்.”

சந்தேகப்படுகிற மனுஷனோடு ஒரு நாள்கூட வாழமாட்டேன் என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவள். தெரிந்தால் இன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கூடத்துக்குப் பாய்ந்து வந்தான்.

“கண்ட மெயிலைத் திறந்தா இப்படித்தான் வரும். ஆராய்ச்சி எல்லாம் வேணாம், அழிச்சுடுங்க தம்பி!”

“தலைவலி விட்டுடுச்சாங்க?” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “அழிச்சுடலாம் சார். ஆனா ரெண்டு இருக்கே.”

“ரெண்டா?”

“ஒண்ணு போன மாசம் போட்டது. அரைகுறை வேலை, யாரோ கத்துக்குட்டி. இன்னொண்ணு ரெண்டு வருஷமா உள்ள இருக்கு. போட்டவங்க பலே ஆளு சார், ஆன்டிவைரஸ்கிட்டயே அனுமதி வாங்கி வச்சிருக்காங்க. புதுசு வந்து அதோட மல்லுக்கட்டுறதுலதான் மிஷின் திணறுது.”

அவன் போட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்ன சார், ரெண்டையும் தூக்கிடவா?”

அவன் வேகமாகத் தலையாட்டினான். மௌஸின் மேலிருந்த மெக்கானிக்கின் கையை அவள் நிறுத்தினாள்.

“புதுசை மட்டும் தூக்குங்க தம்பி, பழசு என்னோடது.”