பத்தொன்பதாவது வயிறு

"வியாழக்கிழமை மதியம் எங்க சாப்பிட்டீங்க?" கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் மனைவி.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த கணவன், "ஆபீஸ்லதான். நீ கட்டிக் குடுத்த சாப்பாடு" என்றான்.

"அதையேதான் நானும் சாப்பிட்டேன். குத்துக்கல்லு மாதிரி இருக்கேனே? உண்மையைச் சொல்லுங்க."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எதிர்த்த பேக்கரியில... முட்டை சாண்ட்விச்."

"யார்கூட?"

"எங்க செக்‌ஷன் ஆளுங்களோடதான்மா."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்றரை இருக்கும்." குட்டு உடைந்துவிட்டது, இனி பூகம்பம்தான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவளோ போனை எடுத்தாள். "சார், பத்தொன்பதாவது ஆளும் அதே பேக்கரி, அதே முட்டை சாண்ட்விச்தான். உடனே கடையை மூடச் சொல்லுங்க. சாம்பிளை லேபுக்கு அனுப்பிடலாம்."

சுகாதார ஆய்வாளரின் கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அட, ஆபீஸ் வேலையாத்தான் கேட்டியா!"

"அது முடிஞ்சுது. இப்ப வீட்டு வேலை. நான் கட்டிக் குடுத்ததை யார் சாப்பிட்டா?"

"பக்கத்து சீட்டு நண்பன்... ஒரு மாசமா."

அவன் ஆபீஸில் நோய் வராதவர்களிடமும் விசாரித்து உதவியாளர் எழுதி வந்திருந்த படிவங்களை அவள் புரட்டினாள். ஒன்றில் கண் நின்றது. 'சாப்பிட்டது: நண்பர் வீட்டுச் சாப்பாடு. தினமும் பிரமாதம்.'

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நாளையிலேருந்து டப்பாவை நேரா அவருக்கே அனுப்பிடறேன்."

"அப்ப எனக்கு?"

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"இதுவும் நான் பண்ணினதுதான். யாருக்கும் குடுத்துடாதீங்க."