வெண்டல் போடாத கையெழுத்து

"கண்ணே தெரியாத மனுஷருக்கு எழுத்து பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன?"

டார்சி இதைக் கேட்டது மீட்டிங்கில். வெண்டல் எதிரிலேயே உட்கார்ந்து டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கேள்வி என்கிட்டயா?" என்றார் வெண்டல்.

"பொதுவாக் கேட்டேன்."

கனடாவின் வின்னிபெக் நகரில் இருந்த அந்தக் கம்பெனி, கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஆப் ஒன்றைத் தயாரித்திருந்தது. மாற்றுத்திறனாளிகளும் அதைச் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது வெண்டலின் வேலை. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

பார்வை இல்லாதவர்களுக்கான சோதனையில் ஆப் டிசம்பரிலேயே பாஸ். பார்வை மங்கலானவர்களுக்கான சோதனையில்தான் இப்போது மூன்றாவது முறையாக ஃபெயில் போட்டிருந்தார். காரணம், எழுத்து.

"போன்ல எழுத்தைப் பெருசாக்கினா 'பதிவு செய்' பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போயிடுது. டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம், தேதியைத் தேர்ந்தெடுக்கலாம், முடிக்க மட்டும் முடியாது."

"வெளியே போயிடுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டார்சி. ஆப்பை எழுதியவர் அவர்தான்.

"கீழே காபிக் கடை வரிசையில நாலு பேர்கிட்ட போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நாலு பேரும் பட்டனைக் காணோம்னாங்க. ஒருத்தர் எனக்காக ரொம்ப வருத்தப்பட்டார்."

மேலாளர் லொரெய்ன் பேனாவை மேஜையில் வைத்தார்.

"வெண்டல், திங்கட்கிழமை வெளியீடு. கையெழுத்தைப் போடுங்க. அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

"அப்புறம்னா எந்த வருஷம்?"

"யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல."

"பின்னே யாருக்காக இந்தப் பிடிவாதம்?"

"யாராவது இருப்பாங்க."

"மார்ச்ல உங்க கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கிறதா வேண்டாமான்னு எழுதப்போறது நான். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு" என்றார் வெண்டல். டோனட்டின் சர்க்கரையைக் கையிலிருந்து தட்டிவிட்டார். "ஃபெயில்தான்."

வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனது. டார்சி இரண்டு சனிக்கிழமை ஆபீஸிலேயே கிடந்து, மகளின் இரண்டு ஹாக்கி ஆட்டங்களைக் கோட்டைவிட்டு, பட்டனை ஸ்கிரீனுக்குள் இழுத்துவந்தார்.

வெண்டல் மறுபடி காபிக் கடைக்குப் போனார். நாலு பேரும் பட்டனைக் கண்டுபிடித்தார்கள். கையெழுத்துப் போட்டார்.

"கையில ஒரு அதிகாரம் இருக்கு, விடுவாரா?" என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அவர் மேஜையில் உட்காரவில்லை. உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தனியாகச் சாப்பிட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க" என்றார் டார்சி லிஃப்டில். "யாரு அந்த 'யாராவது'?"

"ரூல் இருக்கு. அதன்படி போட்டேன்" என்றார் வெண்டல்.

ஆப் வெளியான அன்று சாயங்காலம் லொரெய்ன் வெண்டலின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"அதுல நானே ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டேன். எழுத்தை ரெண்டு மடங்கு பெருசாக்கி. யாரையும் படிச்சுச் சொல்லச் சொல்லாம."

"எந்த டாக்டர்?"

"கண் டாக்டர்."

வெண்டல் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருக்கு. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. எழுத்தைச் சரி பண்ணச் சொல்லி நான் கேட்டிருந்தா, உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேட்டிருப்பாங்க. அந்த 'யாராவது' நான்தான்னு உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"அக்டோபர்லேருந்து. உங்க அறையைத் தாண்டிப் போறப்ப, உள்ளே கம்ப்யூட்டர் உங்க மெயிலைப் படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தது. என் கம்ப்யூட்டர்ல பேசுற அதே குரல். ரொம்ப மெதுவா வெச்சிருந்தீங்க. புதுசாக் கத்துக்கிறவங்க அப்படித்தான் வெப்பாங்க."

"நாலு மாசமா யார்கிட்டயும் சொல்லலையா? வேலை போயிடும்னு நான் மிரட்டினப்பக் கூடவா?"

"என்னத்தைச் சொல்றது, லொரெய்ன்?" என்றார் வெண்டல். "நான்தான் எதையும் பார்க்கலையே."