நாக்குக்காரர்

என் மனைவி கோப்பையைக் கையில் எடுத்ததும் நான் பேனா மூடியைக் கழற்றினேன்.

காலையிலிருந்து இது நான்காவது கடை. தெரு முழுக்கக் கண்ணாடி முகப்பும் தொட்டிச் செடியுமாக ஒரே பளபளப்பு. நாற்காலிகள்கூடப் பார்ப்பதற்கென்றே செய்தவை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது.

ஒவ்வொரு கடையிலும் அவர்களே தயாரித்த பானம் ஒன்றாவது இருக்கும். அதைக் குடிக்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்களும் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்திருந்தோம்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் பானங்களைப் பற்றி எழுதுகிறவன். பதினான்கு வருடம். அலுவலகத்தில் எனக்கு நாக்குக்காரர் என்று பெயர்.

அந்த நாக்கு செத்துப் பத்து மாதமாகிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அவள் நாலே நாளில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல் விட்டது, ருசியும் வாசனையும் போனது போனதுதான். டாக்டர் வரும் வரும் என்றார். வரவில்லை. இப்போது எனக்கு எதைக் குடித்தாலும் தண்ணீர்தான்.

வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

"நான் எதுக்கு இருக்கேன்? நான் குடிச்சுச் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் குடிப்பாள், என் காதோடு சொல்வாள், நான் எழுதுவேன். முன்பைவிட இப்போதுதான் நுணுக்கமாக எழுதுகிறீர்கள் என்று ஒரு வாசகர் கடிதமே போட்டுவிட்டார். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறாமை, வேறென்ன.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரு குத்து குத்தாமல் இருக்கமாட்டேன். உனக்கென்ன, உனக்கு ருசி தெரியுது என்பேன். அவள் குழம்பை ஊற்றுவாள்.

இந்தத் தெருவைப் பற்றித்தான் அடுத்த வார அட்டைப்படக் கட்டுரை. ஒரு வரி தப்பாக வந்தாலும் இந்தக் கடைக்காரர்களே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

நான்காவது கடையில் வெள்ளைப் பூவை மூன்று நாள் ஊறவைத்து வடித்த பானம் பிரசித்தம். நிறமே இருக்காது என்று முன்பே படித்திருந்தேன். கடைக்காரம்மா இரண்டு சின்னக் கோப்பைகளை எங்கள் முன் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நானும் குடித்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை.

அவள் மெதுவாக உறிஞ்சி, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"முதல்ல பூ வாசனை. அப்புறம் லேசா ஒரு கசப்பு, எலுமிச்சைத் தோலைக் கடிச்ச மாதிரி."

அப்படியே எழுதிக்கொண்டேன். அவள் கை கழுவப் பின்பக்கம் போனாள்.

கடைக்காரம்மா ஒரு தட்டில் இரண்டு உயரமான கண்ணாடி டம்ளர்களோடு வந்தார். காலிக் கோப்பைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"குடிச்சிட்டீங்களா சார்? அது வாய் கொப்பளிக்க வச்ச தண்ணி. எங்க கடையில முதல்ல அதைத்தான் வைப்போம். பானம் இதுதான்."

தாகம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே கரும்பலகை இருந்தது. அதில் அந்தப் பானத்தின் பெயருக்குக் கீழே சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: பூ மணம், பின் எலுமிச்சைத் தோலின் மெல்லிய கசப்பு.

முந்தைய மூன்று கடைகளிலும் பலகை இருந்தது. ருசி பார்த்து எழுத வீட்டுக்கு வரும் புட்டிகளிலும் ருசியை விவரித்துச் சீட்டு ஒட்டியிருக்கும். பத்து மாதமாக அவள் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை ருசி என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. என் புலம்பலைக் கேட்க இத்தனை நாளும் அவள் இருந்தாள். அவளும் அதே சோற்றை மண்ணாகத்தான் தின்றிருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல்.

அவள் திரும்பி வந்தாள். டம்ளர்களைப் பார்த்தாள். சின்னக் கோப்பைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கடைக்காரம்மா நகரவில்லை. பத்திரிகைக்காரர் என்ன சொல்லப்போகிறாரோ என்று தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை நான் முதலில் குடித்தேன். குனிந்து அவள் காதோடு சொன்னேன்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலைம்மா."

அவள் டம்ளரைத் தொடவில்லை. மேஜைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து, நகம் பதியும்படி அழுத்தினாள்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் கடைக்காரம்மா.