நாலாம் பாகம்

டி.வி.யில் அந்தச் சண்டைப் படத்தின் நாலாம் பாகம் ஓடுகிறது. கூலிக்கொலையை விட்டு ஒதுங்கியிருந்த ஆள் மறுபடியும் துப்பாக்கியை எடுத்துவிட்டான். தேங்காய்ப்பட்டணத்து மத்தியான வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் திரையில் அவன் முகத்தின் குறுக்கே விழுந்து கிடக்கிறது. சோபாவின் ஒரு நுனியில் அபினா, மறு நுனியில் அவள் புருஷன் ஷைஜு. முந்தின மூன்று பாகங்களையும் அவன் தோஹாவிலும் அவள் இங்கேயுமாக, போனில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் ஓடவிட்டுத்தான் பார்த்தார்கள். படம் முடிகிறவரை இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. இப்போது அவன் விசாவை முடித்து ஊரோடு வந்துவிட்டான். நடுவில் ஒரு மிக்சர் தட்டு இருக்கிறது. அதில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறான். அவனுக்குக் கடலை பிடிக்கும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. ஏதாவது கேட்கலாம் என்றால் நாக்கு எழும்பவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போகிறவள், குழாயைத் திறக்காமல் போனை எடுத்து அவனை அழைக்கிறாள். ஹாலில் மணி அடிக்கிறது.

"கேட்டியளா, இப்ப ஆரைக் கொன்னான்?"

போனில் முதலில் படத்தின் வெடிச்சத்தம் கேட்கிறது. பிறகு அவன் குரல், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் தெளிவாக வருகிறது.

"ஏட்டி, கூட இருந்தவனையேதான். நான் மூணாம் பாகத்துலயே சொன்னேம்லா!"

அவள் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்காருகிறாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்க."