ஷெட்டில் இரண்டு கார்கள்

மெக்கானிக் அந்தோணியின் ஷெட்டில் ஒரே மாடல் கார்கள் இரண்டு நின்றன. வெள்ளைக் காரை அன்று காலைதான் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். நீலக் கார் விபத்தில் கூரை நசுங்கி, மூன்று மாதமாக அங்கேயே கிடந்தது.

"இன்ஜின் போச்சும்மா. புதுசு போட்டா வண்டி விலையைத் தாண்டிடும். பேசாம எடைக்குப் போட்டுடுங்க," என்றார் அந்தோணி.

வெள்ளைக் காரின் சொந்தக்காரி மங்கையர்க்கரசி பானட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

வெள்ளைக் கார் பக்கத்து நீலக் காரிடம் கேட்டது: "என்னை உடைச்சிடுவாங்களா?"

"பயப்படாதே. உன் ஆள் இன்னும் கிளம்பலையே," என்றது நீலக் கார். "என் ஆளும் ஒருநாள் வருவார். என் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலை."

"வேற வழியே இல்லையாண்ணே?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

அந்தோணி சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்த நீல வண்டியை ஓனர் எனக்கே கொடுத்துட்டார். அதோட இன்ஜினை எடுத்து மாட்டினா பாதிச் செலவுதான்."

"அப்படியே செய்யுங்கண்ணே!"

வெள்ளைக் கார் பெருமூச்சு விட்டது.

"வலிக்குமா?" என்று பக்கத்திலிருந்து நீலக் கார் மெல்லக் கேட்டது.

அடுத்த வாரம் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. மங்கையர்க்கரசி கைதட்டிச் சிரித்தாள். வெள்ளைக் காரின் தொண்டையிலிருந்து வந்தது நீலக் காரின் குரல்.