சுடலைமுத்து வீட்டுக் கழிவறை

விசாரணை தொடங்கி அறுபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. கபடி வீரன் சுடலைமுத்துவின் கழிவறை தினமும் சிறுநீரைச் சோதித்து அரசுக்கு அறிக்கை அனுப்பும். திங்கட்கிழமை அனுப்பியதில், ஆண் வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட ஹார்மோன் ஒன்று இருந்தது. இன்று மாலைக்குள் விளக்கம் தராவிட்டால் நான்கு வருடம் ஆட முடியாது.

"இட்லியும் சாளைக் குழம்பும்தான் சார் தின்னேன்," என்றான் அவன், மூன்றாவது நாளாக.

"சாளையில இதெல்லாம் வராதுப்பா," என்றார் அதிகாரி. "வேற யாராவது உள்ள போனாங்களா?"

"யாரு சார் போவா? வீரர் மட்டும்னு கதவுலயே எழுதியிருக்கே!"

காபி கொண்டுவந்த அவன் மனைவி கோமு அப்படியே நின்றாள். இன்னும் பதினொரு நாள் யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண்பட்டுவிடும் என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடம் சொல்வதும் டிவியில் சொல்வதும் ஒன்றுதான்.

அதிகாரி தடை உத்தரவைத் திரையில் திறந்து, கையெழுத்திட விரலை நீட்டினார்.

"நான்தான் சார் போனேன்," என்றாள் கோமு. "அத்தை எங்க பாத்ரூமுல குளிக்கப் போனா கதவு லேசுல திறக்காது. எனக்கு அவசரம்."

சுடலைமுத்து துள்ளி எழுந்தான். "ஏட்டி, எனக்குத் தெரியாம நீ ஊசி போடுதியா?"

"ஊசியுமில்ல, ஒண்ணுமில்ல," என்றாள் கோமு. "நான் முழுகாம இருக்கேன்."